அத்தை இறங்கிய இடம்

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், தாத்தாவின் இடது காதைத் தவிர. அது இப்போது முழுசாக விடுமுறை எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் வருகிறதா என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மற்றது என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒரு குடும்பம் வேனில் ஏறிப் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்புகிறது. பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கிறது. ஐந்து பேர் இறங்குகிறார்கள், நாலு பேர் ஏறுகிறார்கள். ஐந்தாவது ஆள் எதிரே இருக்கும் லாட்ஜில் ஓர் அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொள்கிறார். போனை வேண்டுமென்றே சீட்டில் விட்டுவிடுகிறார். இதை நான் வெளியாளிடம் சொன்னால் நம்புவார்களா?

கிளம்பினதிலிருந்தே வண்டிக்குள் எதுவும் சரியில்லை. அப்பா பாட்டுப் போடவில்லை. அம்மா ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், அப்பா ஏசி வீணாகும் என்றார். "எனக்கு மூச்சு முட்டுது." "எல்லாருக்கும்தான் முட்டுது." நீங்கள்தான், "மூச்சு முட்டறவங்க கையைத் தூக்குங்க" என்றீர்கள். முன்சீட்டிலிருந்து தாத்தா மட்டும் தூக்கினார், டீ வேண்டுமா என்று கேட்டதாக நினைத்துக்கொண்டு. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் சண்டை ஜன்னலைப் பற்றியது அல்ல என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

பங்கில் நான் பாத்ரூம் வரிசையில் நின்றுவிட்டு வந்தபோது வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அப்பா தலையைக் குனிந்து நின்றார். தாத்தா லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு பழைய போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். (வெயில் காலத்தில் வண்டியில் போர்வை எதற்கு?) நீங்கள் கைப்பையோடு நின்று, பஸ்ஸில் நம் ஸ்டாப் வந்துவிட்டது போல, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இறங்கிக்கறேன்" என்றீர்கள். "அக்கா, வண்டியில ஏறு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் அப்பா. "பாக்கட்டும்டா. அதுக்குத்தானே கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான். சண்டையில்லை, அழுகையில்லை. அதனால்தான் எனக்கு மண்டை வெடிக்கிறது.

இதை உங்கள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். "அத்தை வர்ற வரைக்கும் நீ வச்சுக்கோ" என்றாள் அம்மா. ஹாலில் டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் பலகையைப் போட்டு நான் வீட்டு பிளான் வரைந்த லட்சணம் உங்களுக்குத் தெரியும். யாரோ ஆசை ஆசையாகக் கட்டப்போகிற படுக்கையறை மேல் தாத்தா டீ கிளாஸை வைப்பார். இங்கே நிம்மதியாக வரைகிறேன். உங்கள் தையல் மெஷினைத்தான் காணோம். சர்வீசுக்குக் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னாள்.

அத்தை, ஏன் இறங்கினீர்கள்? எப்போது வருவீர்கள்?

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லும்,
துருவி

---

மார்ச் 21

அன்புள்ள துருவிக்கு,

கடிதம் கிடைத்தது. லாட்ஜ்காரம்மா கவரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அவளும் உன் ஜாதிதான், எதையும் துருவாமல் விடமாட்டாள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டிவலி கூடக் குறைந்திருக்கிறது. வீட்டில் தாத்தா காதுக்குச் சொட்டு மருந்து யார் போடுகிறார்கள்? பஞ்சை முழுசாக உள்ளே திணிக்காதே, பாதி வெளியே இருக்கட்டும்.

இந்த இடத்தை நீ பார்த்தது அரைமணி நேரம். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அலுக்கவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே பங்க், அதை ஒட்டி டயர் கடை, அடுத்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் கவர் போடுகிற கடை. வருகிறவர்கள் யாரும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. இன்று காலை ஒரு லாரி நிறையக் கண்ணாடி வந்தது, சும்மா கண்ணாடி, முகம் பார்க்கிறது. டிரைவர் தார்ப்பாயை விலக்கினதும் எதிரே இருந்த அத்தனை பேரும் தலையைச் சரிசெய்துகொண்டார்கள். ஒருவர் பாக்கியில்லை.

சீட் கவர் கடைக்காரருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு மெஷினில் உட்கார முடியவில்லை. நான் போய், தைக்கட்டுமா என்று கேட்டேன். "வீட்டுத் தையலும் இதுவும் ஒண்ணில்லம்மா" என்றார். ரெக்சினை என் கையில் கொடுத்தார். முதல் தையல் கோணல்மாணலாகப் போயிற்று. துணி நாம் சொல்கிறபடி வரும், ரெக்சின் அது சொல்கிறபடிதான் நம்மை வரவைக்கும். தடித்த ஊசி மாற்றி, அடியில் ஒரு காகிதத்தை வைத்து ஓட்டினேன், சரியாக வந்தது. இப்போது தினமும் போகிறேன்.

அலமாரிக் கதவு சிக்கினால் கீழே காலால் ஒரு தட்டுத் தட்டு. மேஜையை ஜன்னல் பக்கம் போடு, ஆனால் வெயில் முதுகில் விழுகிற மாதிரி. அம்மா சொன்னது சரி. மெஷின் நல்ல சர்வீசில்தான் இருக்கிறது.

கேட்டதற்குப் பதில் எங்கே என்பாய். கேட்டதற்கெல்லாம் பதில் வந்துவிட்டால் நீ எனக்கு எழுதுவாயா?

நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று நினைக்கும்,
அத்தை

---

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

பஞ்சு பாதி வெளியேதான் இருக்கிறது. தாத்தா அதைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். முட்டிவலி குறைந்ததற்கு மாடிப்படியா மருந்தா என்று எழுதவும்.

நீங்கள் பதில் சொல்லாததால் நானே விசாரணையில் இறங்கிவிட்டேன். உங்களை விட்டுவிட்டுப் போன பிறகு நடந்ததைக் கேளுங்கள். தாத்தா வழக்கமாக வழியில் வரும் போர்டையெல்லாம் உரக்கப் படிப்பாரே, அன்று ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. பெரியப்பா வீட்டு வாசலில் பெரியம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு பாதியாகிவிட்டாள். வா என்று கூடச் சொல்லவில்லை. "அவ எங்க?" என்றாள்.

அப்பா, "வரலை" என்றார்.

பெரியம்மாவின் அறைக்குள் பையை வைக்கப் போனேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில். புது விரிப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. சுவரில் ஒரு அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தார்கள். விருந்தாளிக்கு அலமாரி எதற்கு அத்தை? நாம் ஒரு வாரம் தங்கத்தானே போனோம்? பின்கட்டில் பெரியப்பாவின் குரல் கேட்டது. "அவகிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னே?" அப்பாவின் குரல் என் காதில் விழவில்லை.

மறுநாளே திரும்பினோம். வழியில் உங்கள் லாட்ஜில் நின்றோம். நீங்கள் கீழே வரவில்லை, "நல்லா இருக்கேன், பாத்துப் போங்க" என்று லாட்ஜ்காரம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் நீங்கள் நின்றது எனக்குத் தெரியும். ஏன் கையாட்டவில்லை?

அடுத்தது, வீட்டு மெஷின் சர்வீசில் இருந்தால் நீங்கள் சீட் கவர் தைப்பது யாருடைய மெஷினில்?

தூக்கம் வராமல் யோசிக்கும்,
துருவி

---

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கிடங்கில் வேலை அதிகம். புதுச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, வைக்க இடமில்லை. அதனால்தான் முன்பே எழுத முடியவில்லை.

அண்ணன் வீட்டுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டார்கள். ஆகவே அந்த விஷயம் முடிந்துவிட்டது. நீ இனிமேல் வெளியிடத்தில் தங்க வேண்டிய அவசியமில்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம். யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டோம். ஹாலில் ஒரு கட்டில் போட ஏற்பாடு செய்கிறேன். வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், தேதியை மட்டும் எழுது.

அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தம்பி

---

ஏப்ரல் 30

தம்பிக்கு,

நான் சௌக்கியம். உனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை தீரும்முன் வாங்கி வைக்கிற பழக்கம் கிடையாது. வாங்கி வை.

யாரும் எதுவும் கேட்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறாய். எப்போது கேட்டீர்கள்?

ஹாலில் கட்டில் போடாதே, நடக்க இடமிருக்காது. மெஷினுக்குப் புது பெல்ட் போட்டிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. அது எப்படி வண்டிக்குள் வந்ததென்று உன் மகள் துருவிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லாதே. உன் பெண்டாட்டியிடமும் சொல்லி வை. உன் மகள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நிம்மதியாக உட்காரட்டும்.

அக்கா

---

மே 11

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. நீங்கள் மத்தியானத்தில் ரெக்சின் கடைக்குள் உட்காராதீர்கள், அந்த வாசனைக்கே தலைவலி வரும். எங்கள் எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. அப்பாவுக்கு மட்டும் ஏதோ யோசனை. மாத்திரையை ஒரு டப்பா முழுக்க வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார், கடை போடப்போகிறவர் மாதிரி.

எனக்கு நல்ல காலம். பெரிய வேலையாக இரண்டு வந்திருக்கிறது. எல்லாம் இந்த அறைக்கு வந்த ராசி. சுவருக்கு வெளிர் நீலம் அடித்துவிட்டேன், உங்களுக்குப் பிடிக்கும். வந்து பாருங்கள். உங்கள் கட்டிலை மாடியில் ஏற்றிவிட்டேன், பத்திரமாக இருக்கிறது. நீங்கள் வந்தால் இறக்கிவிடலாம், கவலைப்படாதீர்கள்.

நேற்று ஒரு புருஷன் பெண்டாட்டி பிளான் பார்க்க வந்தார்கள். அவருடைய அம்மாவுக்கு அறை வேண்டுமா வேண்டாமா என்று என் முன்னாலேயே வாக்குவாதம். நான், "அவங்களையே கேட்டா என்ன?" என்றேன். இரண்டு பேரும் என்னை வினோதமாகப் பார்த்தார்கள்.

என் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அம்மாவிடம் அந்த இரண்டாவது கட்டிலைப் பற்றிக் கேட்டேன். "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை. போய்ப் பார்த்தேன்.

உங்கள் பதிலுக்குத் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கும்,
துருவி

---

மே 28

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சொல்ல, பேத்தி எழுதுவது. என் உடம்பு திடமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? கண் எரிச்சல் உண்டா?

(அத்தை, தாத்தா கட்டிலில் உட்கார்ந்து தந்தி கொடுப்பது போலச் சொல்கிறார். நடுநடுவே "முற்றுப்புள்ளி" என்றும் சொல்கிறார்.)

இங்கே பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. எனக்குக் காது கேட்காது என்று எல்லோரும் வாயை அசைத்துவிட்டுப் போகிறார்கள். நீ மட்டும்தான் கத்திச் சொல்வாய். நீ கத்துவது எனக்குப் பழகிவிட்டது. வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா? அதன் பெட்டி ஓரம் உடைந்திருந்தால் அது என்னால்தான். அன்றைக்கு விடிகாலையில் உன் தம்பியும் நானும் தூக்கி வண்டியில் ஏற்றும்போது வாசல் நிலையில் இடித்துவிட்டது.

(இந்த இடத்தில் தாத்தா, "அதை எழுதாதே, அது வேண்டாம்" என்றார். நான் எழுதிவிட்டேன். "எந்த மெஷின் தாத்தா? அத்தையோடதா? அதை எதுக்கு வண்டியில ஏத்தினீங்க?" என்று வலது காதுப்பக்கம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ தனியா ஒரு ரூம் வேணும்னு உங்கப்பன்கிட்ட கேட்டே. அங்க பெரியப்பா வீட்டுல கூட மாட ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு கேட்டாங்க. ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்னு நெனச்சுட்டான். உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லல. போய் இறங்கினப்புறம் சொல்லிக்கலாம்னான். ஒரு பக்கம் பிடிங்கப்பான்னான், பிடிச்சேன். பிடிக்காம இருந்திருக்கலாம்.")

தாத்தா தூங்கிவிட்டார். கடிதத்துக்கு முடிவு சொல்லவில்லை.

அத்தை, நான் சுவருக்கு நீலம் அடித்திருக்கிறேன்.

---

ஜூன் 20

அன்புள்ள துருவிக்கு,

நலமாக இருக்கிறாயா? தாத்தாவின் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்கிறேன். இப்போதெல்லாம் தூரத்திலேயே என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

நான் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. இன்றைக்குக் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? வரைகிற வேலை நடக்கிறதா? அப்பாவோடு சண்டை போட்டாயா? என் மேல் கோபமா, உன் மேலேயே கோபமா?

இரண்டு வரி போதும். ஒரு வரி கூடப் போதும்.

அத்தை

---

ஜூலை 15

என் கண்ணே,

நீ எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன். உடம்பு எப்படி என்ற விசாரிப்பெல்லாம் இருந்தபடி இருக்கட்டும்.

அன்று பங்கில் தண்ணீர் பாட்டில் எடுக்கத்தான் பின்கதவைத் திறந்தேன். ஒரு போர்வை எதையோ மூடியிருந்தது. விலக்கினால் என் மெஷின். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, தெரியுமா? போகிற ஊரில் யாரிடமோ காட்டி மோட்டார் மாற்றிக் கொடுக்கப்போகிறான் தம்பி, சொல்லாமல் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு பக்கத்தில் ஒரு மூட்டை. அதற்குள் என் குளிர்காலத் துணி, பழைய மூக்குக்கண்ணாடி, என் தலையணை. ஒரு வாரம் போகிறவளுக்குத் தலையணை எதற்கு?

உங்கப்பா பின்னால் வந்து நின்றான். "அண்ணிக்கு ஆள் வேணும்க்கா" என்றான்.

"எவ்வளவு நாளைக்குடா?"

தலையைக் குனிந்துகொண்டான். உன் அம்மா போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள், மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தாள். நீ அப்போது வரிசையில் நின்றிருந்தாய். நீ வருவதற்குள் பங்க்காரர்கள் இருவர் மெஷினை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் கோபத்தில் இறங்கினேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் தலையணை எனக்குத் தெரியாமல் ஒரு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நான் அதன் கூடவே ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன். சிரிப்புக் கூட வந்தது. அப்போது சுற்றிப் பார்த்தேன். எதிரே ஒரு லாட்ஜ். கொடியில் துணி காய்ந்தது. யாரோ ஒரு பெண் மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இங்கே இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது. என் வாழ்க்கையில் அப்படி ஒன்று தோன்றியதே இல்லை. இங்கே இறங்கு என்று யாராவது சொல்வார்கள், இறங்குவேன். என்ன ஆகும் என்று பார்க்கத்தான் இறங்கினேன். உன் துருவுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்?

ஜன்னலில் நின்றது நான்தான். கையாட்டினால் படி இறங்கி வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

இப்போது உன் விஷயம். நீ அறை வேண்டும் என்று கேட்டாய். வேலை செய்கிறவள் இடம் கேட்டாய், அதில் என்ன தப்பு? என்னிடமே கேட்டிருந்தால் பாதி அறையை அன்றைக்கே ஒழித்துக் கொடுத்திருப்பேன். மெஷின் ஒரு பக்கம், உன் பலகை ஒரு பக்கம். நீ தெரிந்து எதையும் செய்யவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருந்ததும் அதற்காகத்தான். சொல்லாமல் இருந்தே உங்கப்பா செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன் என்று இந்த மாதம்தான் உறைத்தது.

எழுது.

அத்தை

---

ஜூலை 30

அன்புள்ள அத்தைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுத வராததற்குக் காரணம் கோபமில்லை. "உங்கள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்" என்று முதல் கடிதத்திலேயே எவ்வளவு குஷியாக எழுதியிருக்கிறேன் என்று யோசித்தேன். அப்புறம் பேனா ஓடவில்லை.

பலகையை ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். உங்கள் கட்டிலை மாடியிலிருந்து இறக்கி, இருந்த இடத்தில் போட்டாயிற்று. சுவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. கதவைச் சாத்தி வைத்திருக்கிறோம், யாரும் உள்ளே போவதில்லை. தாத்தா மட்டும் நடக்கும்போது கதவைத் தொட்டுவிட்டுப் போகிறார்.

போன வாரம் சாப்பிடும்போது அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அவங்க முடியாதுன்னு சொல்லிடுவாங்கன்னு பயமா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முடியாதுன்னா சொல்லுவா? சரின்னுதான் சொல்லியிருப்பா. எப்ப கேட்டாலும் சரின்னுதான் சொல்லியிருக்கா. அந்தச் சரியைக் கேக்க என்னால முடியல."

அம்மா எழுந்து போனாள். இந்தத் தடவை பால் என்று எதுவும் சொல்லவில்லை. அப்பா கை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த ஆத்திரம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, அது போகவும் இல்லை, முன்னைப்போலவும் இல்லை.

நீங்கள் இறங்கிப் பார்த்தீர்களே, என்ன ஆயிற்று அத்தை? அதை இன்னும் எழுதவில்லை.

உங்கள்,
துருவி

---

ஆகஸ்ட் 24

அன்புள்ள துருவிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உடம்பு சரியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு இருமல் மருந்து குடிக்கிறேன். பயப்படாதே, தூசிதான்.

உங்கப்பா வந்திருந்தான். கிடங்கு வேலையாகப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்தானாம். தாத்தா முன்சீட்டில். வண்டி நிற்கும் முன்பே எங்கள் கடைப் போர்டைப் படித்துவிட்டார், டயர் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

உங்கப்பா இறங்கிவந்து கடை வாசலில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை, கடைக்காரரைப் பார்த்து, "சீட்டெல்லாம் கிழிஞ்சிருக்கு, தைக்கணும்" என்றான். வாடிக்கைக்காரன் மாதிரி. கடைக்காரர் என்னைக் கை காட்டினார்.

"கழட்டணும், நேரமாகும்" என்றேன்.

"ஆகட்டும்."

கழற்றினோம். ஒவ்வொரு சீட்டாக வெளியே வந்தது. சீட்டே இல்லாத வண்டியை நீ பார்த்திருக்கிறாயா? வெறும் தகரக் கூடு. அதில் யாரும் யாரையும் எங்கேயும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. சாயங்காலம்வரை மூன்று பேரும் அங்கேயே இருக்க வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தாத்தா கழற்றிப்போட்ட டிரைவர் சீட்டில் நிழலில் உட்கார்ந்துகொண்டு, வருகிற லாரிகளுக்கெல்லாம் அதிகாரி போல் தலையசைத்தார்.

ரெக்சினைத் தனியாளாகத் திருப்ப முடியாது, ஒருவர் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். கடைக்காரருக்குத் தோள் வலி. உங்கப்பா வந்து பிடித்தான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அவன் என் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தது அன்றைக்குத்தான். "ஊசி கையில ஏறிடாதா?" என்றான். "ரெண்டு தடவை ஏறியிருக்கு" என்றேன். "எப்ப?" என்றான். சொன்னேன். ஒன்று, அவன் கல்யாணத்துக்கு முந்தின நாள். அவனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? விரலில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பரிமாறப் போய்விட்டேன்.

கடைசி சீட்டுக்கு வந்தபோது, பிடித்த முனையை விடாமல் கேட்டான். "அக்கா, உனக்கு எங்க இருக்கணும்னு இருக்கு?"

மெஷினை நிறுத்திவிட்டேன். அவன் அவசரமாக, "நீ சரின்னு சொல்லாதே. நான் எதையும் சொல்லல, கேக்கறேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தாத்தாவுக்குக் கேட்டிருக்காது, ஆனாலும் அவர் லாரிக்குத் தலையசைப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு என்ன பதில் வந்தது தெரியுமா? ஒன்றும் வரவில்லை. யாரும் கேட்காததால் நான் யோசித்தே வைக்கவில்லை. "தெரியலடா" என்றேன். "யோசிச்சுச் சொல்றேன். யோசிக்க இந்த இடம் நல்லா இருக்கு." அவன் சரி என்றான். ரெக்சினைத் திருப்பினோம். போகும்போது தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, பெட்டி ஓரம் உடைந்ததா என்று கேட்டார். கத்திச் சொன்னேன், இல்லை என்று. அது பொய். அவருக்குத் தெரிய வேண்டாம்.

இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாயே. இதெல்லாம்தான் ஆயிற்று. இன்னும் என்னென்ன ஆகும் என்று தெரியவில்லை, எனக்கே பார்க்க ஆவலாக இருக்கிறது. லாட்ஜ்காரம்மா மாடியின் கடைசி அறையை மாத வாடகைக்கு எனக்கே விட்டிருக்கிறாள்.

பலகையை உள்ளே கொண்டுபோய்ப் போடு. பூட்டி வைக்கிற அறை யாருக்கும் உதவாது. ஹாலில் உட்கார்ந்து உன் கண்ணும் கெடும், வேலையும் கெடும். அது இனிமேல் உன் அறை. நான் கொடுக்கிறேன். இதை உன் அப்பாவும் சொல்லவில்லை, பெரியப்பாவும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அடுத்த மாதம் பஸ் ஏறி வந்து ஒரு வாரம் இருக்கலாம் என்று பார்க்கிறேன். உன் அறையில் எனக்குப் படுக்க இடம் கிடைக்குமா? கட்டில் வேண்டாம், ஓரமாக ஒரு பாய் போதும். நான் உன்னிடம் கேட்கிறேன். தோதுப்படாது என்றால் தயங்காமல் அப்படியே எழுது, பக்கத்தில் ஏதாவது லாட்ஜ் பார்த்துக்கொள்வேன். எனக்கு இப்போது லாட்ஜ் பழகிவிட்டது.

என்ன எழுதுவாய் என்று தபால்காரரை வழிமறித்துக் காத்திருக்கும்,
அத்தை